கேட்டது எத்தனை, கிடைத்தது எத்தனை?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள். எங்கள் பாடசாலையில் ஐசிடி படிப்பிக்கும் நாங்கள் மூவரும் பேசி, சேர்ந்து எழுதுகிறோம். முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். அதற்குப் பிறகு கருத்து.

தவணைப் பரீட்சை முடிந்த கிழமை. தரம் 11 பிள்ளைகளில் சிலரைப் போட்டியொன்றுக்குத் தயார்படுத்த மாலை வகுப்பு நடத்த இருந்தோம். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் கணனிகள் குறைவு. ஆகவே வகுப்புச் சராசரிக்குக் குறையாமல் புள்ளி எடுத்தவர்களை மாத்திரம் எடுப்பதென்று முடிவு. மொத்தம் 41 பிள்ளைகள். புள்ளிக் கோப்பை வாசித்து, சராசரி பார்த்து, பட்டியல் அச்சிட எங்களிடம் ஒரு சின்னச் செய்நிரல் இருக்கிறது. எங்களில் ஒருவர் சீ மொழியில் எழுதியது. பல வருடமாக அதைத்தான் பாவிக்கிறோம்.

பட்டியல் வந்தது. கடைசிச் சுட்டெண்ணுக்குரிய பையனின் பெயர் இரண்டு தடவை அச்சாகி இருந்தது. ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்தோம். இரண்டாவதைச் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டினோம்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவியின் வாப்பா வந்தார். சில்லறைக் கடை வைத்திருப்பவர். மகளுக்கு 59 புள்ளி. சராசரி 59.88 என்று பட்டியலில் இருந்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "சேர், இந்தப் பேரு ரெண்டு தரம் வந்து வெட்டியிருக்கீங்க. அப்ப கூட்டக்குள்ளயும் அந்தப் புள்ளட மார்க்ஸ ரெண்டு தரம் கூட்டியிருக்குமே?"

எங்களிடம் பதில் இல்லை. கல்குலேட்டரை எடுத்துக் கூட்டினோம். 41 பேரின் மொத்தம் 2419. சராசரி சரியாக 59. கடைசிப் பையனின் புள்ளி 96. அதை இன்னொரு தரம் சேர்த்தால் 2515. 42 ஆல் வகுத்தால் 59.88. அந்தப் பிள்ளை வெளியே நின்றதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

கணனிக் கல்வி எதுவும் படிக்காத ஒரு கடைக்காரர், கொப்பியில் கணக்கு எழுதிப் பழகிய கண்ணால் அதைப் பிடித்தார். கணனி படிப்பிக்கும் மூன்று பேர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டுப் போயிருந்தோம்.

எங்கள் கருத்து இதுதான். கோப்பு வாசிக்கும் சார்புகள், அதாவது வகுப்பில் ஃபங்ஷன் என்று சொல்கிறோமே அவை, ஒவ்வொரு தடவையும் ஒரு விடையைத் தருகின்றன. "இத்தனை கிடைத்தது", "ஒன்றும் கிடைக்கவில்லை", "பிழை வந்தது" என்று. அந்த விடையைப் பார்க்காமலே அடுத்த வரிக்குப் போக மொழி அனுமதிக்கிறது, நூலகம் அனுமதிக்கிறது, நாங்களும் வகுப்பில் அனுமதிக்கிறோம். முதல் இரண்டையும் மாற்ற எங்களால் முடியாது. மூன்றாவதை நாளைக்கே மாற்றலாம்.

சீ நூலகம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சீ மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிட்சி உருவாக்கினார். ஒரு கோப்பைத் திறக்கவும் வாசிக்கவும் எழுதவும் ஒவ்வொருவரும் புதிதாக எழுதத் தேவையில்லாமல், ஆயத்தமாக உள்ள சார்புகளின் தொகுதிதான் சீ நூலகம். அடியில் "ரீட்" இருக்கிறது. அது பணிசெயல் முறைமையிடம் நேரே போய்க் கேட்கும். அதற்கு மேலே "எஃப்ரீட்", "எஃப்கெட்ஸ்", "எஃப்கெட்சீ", "எஃப்ஸ்கான்எஃப்" என்று வசதியான சார்புகள். லினக்ஸ், விண்டோஸ், எங்கள் கையில் இருக்கும் அண்ட்ரொய்ட் போன், எல்லாவற்றிலும் இப்படியொரு நூலகம் உண்டு. எங்கள் உயர்தரப் பிள்ளைகள் படிக்கும் பைதனின் பிரதான மொழிமாற்றியும் சீ மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இது யாரோ வெளிநாட்டுப் பொறியியலாளரின் தலையிடி என்று ஒதுக்க முடியாது.

எங்கள் செய்நிரலில் நடந்தது என்ன? சீ படித்த எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி அது. "கோப்பு முடியும் வரை செய்" என்று எழுதுவதற்கு "எஃப்-ஈஓஎஃப்" என்ற சார்பைச் சுழற்சியின் தலையில் போடுவோம். பெயரைப் பார்த்தால் "இனி ஒன்றும் இல்லை" என்று முன்கூட்டியே சொல்லும் போலத் தெரியும். அது அப்படிச் சொல்லாது. வாசிக்கப் போய், ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்த பிறகுதான் சொல்லும்.

கிணற்றில் வாளியை விட்டு இழுத்துப் பார்த்தால்தான் தண்ணீர் வற்றியது தெரியும். கடைசிப் பிள்ளையின் வரியை வாசித்து முடித்ததும், அந்த வரியின் முடிவில் உள்ள புதுவரிக் குறி இன்னும் மிச்சம் இருந்தது. ஆகவே "முடிந்துவிட்டதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தது. செய்நிரல் இன்னொரு தடவை வாசிக்கப் போனது. "எஃப்ஸ்கான்எஃப்" வெறுங்கையோடு திரும்பி, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று முறையாகவே விடை சொன்னது. நாங்கள் அதைக் கேட்கவில்லை. பெயரும் புள்ளியும் வைத்திருந்த மாறிகளில் பழைய பெறுமானங்கள் அப்படியே இருந்தன. 96 இன்னொரு தரம் கூட்டப்பட்டது.

சார்பு பொய் சொல்லவில்லை. நாங்கள் காது கொடுக்கவில்லை.

இது ஒரு வகை. இன்னும் பல வகை உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். ஆசிரியர்கள் வகுப்பில் பாவிக்கலாம்.

முதலாவது, பைட் பைட்டாக வாசிக்கும் "எஃப்கெட்சீ". ஒரு பைட்டுக்கு 0 முதல் 255 வரை 256 பெறுமானங்கள் இருக்கலாம். அவற்றோடு "கோப்பு முடிந்தது" என்பதையும் அது சொல்ல வேண்டும். மொத்தம் 257 விடைகள். அதனால்தான் அது முழு எண்ணாக விடை தருகிறது. பிள்ளைகளோ, எழுத்துத்தானே வாசிக்கிறோம் என்று விடையை "கார்" வகை மாறியில் போடுவார்கள். அதில் 256 இடம்தான். ஆகவே இரண்டு விடைகள் ஒன்றாகிவிடும். முடிவைக் குறிக்கும் எண் வழமையாக -1. எங்கள் ஆய்வுகூடத்தில் உள்ள இன்டெல் வகைக் கணனிகளில் 255 என்ற பைட்டும் -1 ஆகவே தெரியும்.

இதைச் செய்து பார்ப்பது மிக இலகு. ஜேபெக் படம் ஒவ்வொன்றினதும் முதல் பைட் 255. இப்படிப் பிழையாக எழுதிய பிரதியெடுக்கும் செய்நிரலில் ஒரு படத்தைக் கொடுத்தால், முதல் பைட்டிலேயே "முடிந்தது" என்று நின்றுவிடும். வெளியே வருவது வெற்றுக் கோப்பு. அதே செய்நிரலை ஏஆர்எம் சில்லில் ஓடும் லினக்ஸில் போட்டால் நேர் எதிரானது நடக்கும். அங்கே "கார்" மறை எண்ணை வைத்திருக்காது. முடிவு வந்ததே தெரியாமல், வட்டு நிரம்பும் வரை எழுதிக்கொண்டே இருக்கும். ஒரே வரி, இரண்டு கணனி, இரண்டு விதமான நாசம்.

இரண்டாவது, அடியில் இருக்கும் "ரீட்". அதனிடம் 4096 பைட் கேட்டால் 4096 தான் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. குறைவாகவும் வரலாம். அது பிழையும் இல்லை. வலையமைப்பிலிருந்து, குழாய் எனப்படும் பைப்பிலிருந்து, விசைப்பலகையிலிருந்து வாசிக்கும்போது அந்த நேரத்தில் இருப்பதைத் தரும். லினக்ஸில் ஒரு தடவையில் ஆகக் கூடியது 2,147,479,552 பைட். மூன்று கிகாபைட் வீடியோ ஒன்றை ஒரே தடவையில் கேட்டாலும் இரண்டு கிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். எச்சரிக்கை இல்லை, பிழைச் செய்தி இல்லை. "இத்தனை தந்தேன்" என்ற எண் மாத்திரம் திரும்பி வரும். அந்த எண்ணைப் பார்த்தவர் மிச்சத்தைக் கேட்பார். பார்க்காதவர் பாதி வீடியோவை முழு வீடியோ என்று சேமிப்பார்.

மூன்றாவது, விண்டோஸில் கோப்பைத் திறக்கும் முறை. எழுத்துக் கோப்பாகத் திறந்தால் 26 என்ற பைட்டைக் கண்டதும் அங்குள்ள சீ நூலகம் "முடிந்தது" என்று எடுத்துக்கொள்ளும். இது சீபீஎம் என்ற பழைய முறைமையின் எச்சம். அந்தக் காலத்தில் கோப்பின் சரியான நீளம் பதியப்படவில்லை, 128 பைட் துண்டுகளின் கணக்கில்தான் இருந்தது. எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட 26 ஐப் போட்டார்கள். பீஎன்ஜி பட வடிவத்தை அமைத்தவர்களுக்கு இது தெரியும். பீஎன்ஜி கோப்பின் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. இப்படியான குழப்பங்களை உடனே காட்டிக்கொடுப்பதற்காகவே 13, 10, 26 எல்லாம் அதற்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. அதை எழுத்துக் கோப்பாகத் திறந்து எட்டு பைட் கேட்டால், 13 உம் 10 உம் ஒன்றாகி, 26 இல் நின்று, ஐந்துதான் கிடைக்கும். எட்டுக் கேட்டு ஐந்து கிடைத்ததைப் பார்த்தவர் தப்பினார்.

நான்காவது எங்கள் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சம்பந்தமானது. ஆங்கிலப் பாடநூல்களில் பெயரை வைக்க 20 பைட் இடம் ஒதுக்கிக் காட்டுவார்கள். ஆங்கிலத்தில் பாத்திமா என்று எழுத 7 எழுத்து, 7 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். "பாத்திமா" என்பது ப, கால், த, புள்ளி, த, இகரக் குறி, ம, கால் என எட்டுக் குறிகள். 24 பைட். "முஹம்மது" என்பதும் எட்டுக் குறிகள், 24 பைட்.

20 பைட் இடத்தில் இதை எல்லை சொல்லாமல் "ஸ்கான்எஃப்" மூலம் வாசித்தால், முடிவுக் குறியோடு 25 பைட் எழுதப்படும். ஐந்து பைட் பக்கத்து வளவுக்குள் போய் விழும். அங்கே இன்னொரு பிள்ளையின் புள்ளி இருக்கலாம். "எஃப்கெட்ஸ்" பாவித்தால் அந்த ஆபத்து இல்லை. அது 19 பைட்டோடு நின்றுவிடும். ஆனால் 19 என்பது ஆறு குறிகளும் ஏழாவதின் மூன்றில் ஒன்றும். "பாத்தி" என்று வந்து, அடுத்து ஒரு பெட்டி. மிச்ச ஐந்து பைட்டும் அடுத்த தடவை வாசிக்கும்போது அடுத்த பிள்ளையின் பெயராக வரும். அதற்குப் பிறகு பட்டியல் முழுவதும் ஒரு வரி கீழே இறங்கும். யாருடைய புள்ளி யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆங்கிலப் பெயர்களோடு மாத்திரம் பரிசோதித்துப் பார்த்தால் இது ஒரு நாளும் வெளிவராது. வரியின் முடிவில் புதுவரிக் குறி வந்திருக்கிறதா என்று பார்த்தாலே போதும், முழு வரியும் வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பார்வையைத்தான் நாங்கள் படிப்பிப்பதில்லை.

ஐந்தாவது, "கெட்ஸ்". இதன் வரலாறு எல்லா மாணவர்களுக்கும் தெரிய வேண்டும். ஒரு வரியை வாசித்து, நாங்கள் கொடுத்த இடத்தில் வைப்பது இதன் வேலை. அந்த இடம் எவ்வளவு பெரியது என்று சொல்வதற்கு அதில் வழியே இல்லை. வரி எவ்வளவு நீளமோ அவ்வளவையும் எழுதும்.

1988 நவம்பர் 2 ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவரான ரொபர்ட் மொரிஸ் இணையத்தில் ஒரு புழுவை விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று "ஃபிங்கர்" என்ற சேவை. அந்தச் சேவை 512 பைட் இடம் ஒதுக்கி, "கெட்ஸ்" மூலம் வாசித்துக்கொண்டிருந்தது. புழு அனுப்பியது 536 பைட். மேலதிகமாக விழுந்த அந்த 24 பைட்டால் கணனி புழுவின் கைக்குப் போனது. சுமார் 6000 கணனிகள் பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு. அன்று இணையத்தில் இருந்ததே ஏறத்தாழ 60,000 தான்.

உடனே "கெட்ஸ்" ஐ நீக்கியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அடுத்த வருடம், 1989 இல், சீ மொழியின் முதலாவது நியமம் வந்தது. அதில் "கெட்ஸ்" இருந்தது. 1999 நியமத்திலும் இருந்தது. நியமத்திலிருந்து அது எடுக்கப்பட்டது 2011 இல். 23 வருடம். பழைய செய்நிரல்கள் உடைந்துபோகக் கூடாது என்ற யோசனை ஒரு பக்கம். பழகிய கையை மாற்ற மனம் வராதது இன்னொரு பக்கம். இடையில் எத்தனை வகுப்புகளில் "கெட்ஸ்" படிப்பிக்கப்பட்டது? எங்களில் மூத்தவர் அதைத்தான் படித்தார், சில வருடம் அதைத்தான் படிப்பித்தார். இதை எழுதும்போது அவருக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதச் சொன்னார்.

எல்லாப் பிழையையும் பாவிப்பவர் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. நூலகத்தை எழுதியவர்களும் மனிதர்கள்தான். லினக்ஸில் பரவலாக உள்ள ஜீலிப்சீ நூலகத்தை எடுங்கள். ஒரு தடவை கோப்பின் முடிவைக் கண்டால், அதைத் தெளிவாக அழிக்கும் வரை, அடுத்த வாசிப்பும் "முடிவு" என்றே சொல்ல வேண்டும் என்பது 1999 நியமத்தின் விதி. ஜீலிப்சீயோ மறுபடியும் போய் வாசித்துப் பார்த்தது. நீண்ட காலமாக இருந்த இந்த வழு 2018 ஓகஸ்டில் வெளிவந்த 2.28 பதிப்பில்தான் எல்லாச் சார்புகளிலும் திருத்தப்பட்டது. "முடிவு" என்றால் என்ன என்ற ஒரு சின்ன விடயத்தில் நியமம் ஒன்றும் நூலகம் இன்னொன்றும் சொல்லிக்கொண்டு ஏறத்தாழ இருபது வருடம் ஓடியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பிடித்த உதாரணம் ஒன்றும் இருக்கிறது. ஜிடிஏ ஒன்லைன் விளையாட்டு 2013 இல் வந்தது. தொடங்குவதற்கே பல நிமிடம் எடுக்கும். இணைய வேகம் காணாது, கணனி பழசு என்று எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். 2021 இல் ஒரு விளையாட்டு ஆர்வலர் உள்ளே நோண்டிப் பார்த்தார். சுமார் 10 மெகாபைட் நீளமான பொருட் பட்டியல், அதில் ஏறத்தாழ 63,000 பொருட்கள். அதை "எஸ்ஸ்கான்எஃப்" சார்பால் துண்டு துண்டாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பு வாசிக்கும் அதே இயந்திரத்தை நினைவகத்தில் உள்ள எழுத்துத் தொடருக்குப் பாவிக்கும் சார்பு அது. ஒவ்வொரு தடவையும் முதலில் மிச்சத் தொடரின் நீளம் முழுவதையும் எண்ணிவிட்டுத்தான் ஒரு துண்டை வாசிக்கும். புத்தகத்தில் ஒரு சொல் வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கம் வரை எண்ணிவிட்டு வருவது போல. இதோடு இன்னொரு வீண் வேலையையும் சேர்த்து நீக்கியபோது அவரது கணனியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைந்தது. நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, அவருக்கு 10,000 டொலர் கொடுத்தது. இந்த மெதுவை நியமம் தடுக்கவில்லை. சார்பும் பிழையான விடை தரவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஒருவர் வரும் வரை எட்டு வருடம் போனது.

சரி, யார் பொறுப்பு?

நூலகம் பொறுப்பா? ஒரு பங்கு ஆம். முக்கியமான விடையைத் தந்துவிட்டு, அதை எறிந்துவிட்டுப் போகவும் விடுவது நல்ல வடிவமைப்பு அல்ல. பின்னாளில் வந்தவர்கள் இதை உணர்ந்தார்கள். இன்று தொகுப்பானில் உரிய அமைப்பைப் போட்டால், "எஃப்ரீட்" தந்த விடையைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று எச்சரிக்கும். பைதன் 3.5 பதிப்பிலிருந்து, வாசிப்பு இடையில் குழம்பினால் பைதனே மறுபடி முயற்சி செய்கிறது. நல்ல முன்னேற்றம்.

ஆனால் எச்சரிக்கையை வாசிக்காமல் மூடுபவரை எந்த மொழி காப்பாற்றும்? எங்கள் ஆய்வுகூடத்தில் நாங்கள் தினமும் காண்பது இதுதான். மஞ்சள் நிறத்தில் நான்கு வரி எச்சரிக்கை வரும். "சேர், எரர் இல்ல, வோர்னிங் மட்டும்தான்" என்று பிள்ளை சொல்லும். "அப்ப ரன் பண்ணுங்க மகன்" என்று நாங்கள் சொல்வோம். அந்தப் பழக்கத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

"உயர்தரத்தில் பைதன்தானே, சீ எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். பைதனிலும் இதே கேள்வி இருக்கிறது. கோப்பு முடிந்தால் "ரீட்லைன்" வெற்றுத் தொடரைத் தரும். நடுவில் ஒரு வெற்று வரி இருந்தால் புதுவரிக் குறியோடு தரும். இரண்டும் வேறு. பிள்ளை "ஸ்ட்ரிப்" போட்டு ஓரங்களை வெட்டிவிட்டு, வெறுமையா என்று பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பட்டியலின் நடுவில் யாரோ தெரியாமல் ஒரு தடவை என்டர் அழுத்தியிருந்தால், அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் காணாமல் போவார்கள். சீயில் கடைசிப் பிள்ளை இரண்டாகும், பைதனில் பாதி வகுப்பு மறையும். மொழியை மாற்றினால் போதாது.

"பரீட்சைக்கு நேரம் காணாது, இதெல்லாம் எங்கே படிப்பிப்பது?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. பொதுப் பரீட்சையின் புள்ளித் திட்டம் எங்கள் கையில் இல்லை. தவணைப் பரீட்சையும் செயன்முறை வகுப்பும் எங்கள் கையில்தான் இருக்கின்றன. நாங்கள் மூவரும் இந்தத் தவணையிலிருந்து நான்கு விடயம் செய்கிறோம்.

ஒன்று, கோப்பு வாசிக்கும் முதலாவது உதாரணத்திலேயே விடையைப் பார்க்கும் வரியும் இருக்கும். "இப்போதைக்கு இதை விடுவோம், பிறகு பார்ப்போம்" என்று சொல்லமாட்டோம். அந்தப் பிறகு ஒரு நாளும் வருவதில்லை.

இரண்டு, ஒவ்வொரு செயன்முறைக்கும் நல்ல கோப்பு ஒன்றோடு கெட்ட கோப்புகளும் கொடுப்போம். ஒன்றுமே இல்லாத கோப்பு. கடைசி வரியில் புதுவரிக் குறி இல்லாத கோப்பு. நடுவில் வெற்று வரி உள்ள கோப்பு. நீளமான தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பு. பெயர்ப் பட்டியல் என்று சொல்லி ஒரு படம். ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம் போதும். பிள்ளைகள் விளையாட்டுப் போலச் செய்கிறார்கள். தன் செய்நிரலை உடைப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது.

மூன்று, செய்நிரல் வினாவுக்குரிய பத்துப் புள்ளியில் மூன்று, வாசிப்புத் தவறினால் என்ன செய்கிறது என்பதற்கு. வெளியீடு சரியாக வந்தால் மாத்திரம் முழுப் புள்ளி என்பதை நிறுத்திவிட்டோம். எங்கள் பட்டியலும் பல வருடம் "சரியான வெளியீடு" மாதிரித்தான் இருந்தது.

நான்கு, எச்சரிக்கையோடு வரும் வேலையை ஏற்கமாட்டோம். அந்த எச்சரிக்கை என்ன சொல்கிறது என்று பிள்ளை தன் வாயால் விளக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "கணனி சொன்னது" என்பது சான்று அல்ல. பாடசாலையோ அலுவலகமோ தரும் பட்டியலில் ஏதாவது பிசகாகத் தெரிந்தால், அந்த வாப்பாவைப் போல வந்து கேளுங்கள். கோபப்படத் தேவையில்லை. "எத்தனை பேரைக் கூட்டினீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆசிரியர்களாகிய நாங்களும் அந்தக் கேள்வியை அவமானமாக எடுக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த மாணவியை வகுப்பில் சேர்த்துக்கொண்டோம். சேர்த்துவிட்டு, பழைய தவணைகளின் கோப்புகளைத் தேடி எடுத்துத் திருத்திய செய்நிரலில் மறுபடி ஓட்டினோம். கிடைத்த எல்லாக் கோப்பிலும் கடைசிப் பிள்ளை இரண்டு தடவை கூட்டப்பட்டிருந்தது. பெரும்பாலும் அந்தக் கடைசிப் பிள்ளையின் புள்ளி சராசரிக்குக் கீழே. ஆகவே சராசரி சற்றுக் குறைந்தது, யாரும் வெளியே போகவில்லை, பட்டியலில் பெயரும் வரவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு தவணையில் மாத்திரம் இம்முறை போலவே சராசரி கூடியிருந்தது. ஒரு பையன் எல்லையில் நின்று கீழே போயிருந்தான். அந்தத் தவணைப் பட்டியலின் பிரதி கோவையில் இருக்கிறது. அதிலும் இரண்டாவது பெயருக்கு மேல் சிவப்புப் பேனைக் கோடு இருக்கிறது.

அவன் இப்போது பாடசாலையில் இல்லை. வீட்டைத் தேடிப் போய்ச் சொன்னோம். "பரவாயில்ல சேர்" என்றான். எங்களுக்குத்தான் பரவாயில்லை என்று விடமுடியவில்லை.

சில தவணைகளின் கோப்புகள் அழிந்துவிட்டன. அவற்றில் யார் இருந்தார்கள் என்று இனித் தெரியவராது.

ஐசிடி ஆசிரியர்களே, உங்கள் பாடசாலையிலும் இப்படியொரு சின்னச் செய்நிரல் இருக்கும். யாரோ எப்போதோ எழுதியது, நன்றாக ஓடுகிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. இன்று ஒரு தடவை திறந்து பாருங்கள். வாசிக்கும் வரி எங்கே இருக்கிறது, அதன் விடையை அடுத்த வரி பார்க்கிறதா என்று மாத்திரம் பாருங்கள். கெட்ட கோப்புகளின் தொகுப்பு தேவையானவர்கள் கீழே சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறோம். நாங்கள் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள். இம்முறை சிவப்புப் பேனையை எடுக்க மாட்டோம், காரணத்தைத் தேடுவோம்.